உலகம் எரிந்து முடிந்த பிறகு என்ன சாப்பிடுவது? டிராகன் படம் ஒன்றின் வழியே ஒரு கதை வகை

‘ரெயின் ஆஃப் ஃபயர்’ படத்தில் எனக்கு மிகவும் பிடித்த சண்டை ஒரு தக்காளித் தோட்டத்தை வைத்து நடப்பது. இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் ஒரு பழைய கோட்டை. வருடம் 2020. வானத்தில் டிராகன்கள் சுற்றுகின்றன. உலகத்தின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. கோட்டைக்குள் ஒளிந்து வாழும் கூட்டத்திடம் இருந்த சாப்பாடு தீர்ந்துகொண்டே வருகிறது. வெளியே கொஞ்சம் பயிர் இருக்கிறது, ஆனால் இன்னும் விளையவில்லை. இப்போது பறிக்கக் கூடாது, பொறுத்திருங்கள் என்கிறான் தலைவன் க்வின். எடி என்பவனுக்குப் பொறுமை போய்விட்டது. பிள்ளைகள் பட்டினி கிடப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்? ஒரு வண்டியைக் கிளப்பிக்கொண்டு தன் ஆட்களோடு தோட்டத்துக்குப் போய்விடுகிறான். டிராகன் வருகிறது. அவனுடைய மகன்களில் ஒருவன் சாகிறான். பயிரும் எரிகிறது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். க்வின் சொன்னது சரிதான். பிஞ்சிலேயே பறித்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. எடி செய்ததும் புரியாத விஷயம் இல்லை. பசிக்கிற பிள்ளையிடம் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச முடியுமா? இந்த இரண்டு நியாயங்களும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் இந்தக் கதை வகையே இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு ‘போஸ்ட் அபோகலிப்டிக்’ என்று பெயர். நாம் பேரழிவுக்குப் பிந்தைய கதை என்று வைத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டதும் இடிந்த கட்டடம், துருப்பிடித்த கார், கிழிந்த தோல் கோட்டு என்று மனதில் ஓடும். அதெல்லாம் உடையலங்காரம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க 2002-இல் வந்த இந்தப் படம் எனக்கு வசதியாக இருக்கிறது. பெரிய காவியம் எல்லாம் இல்லை, குறைகள் நிறைய உண்டு. ஆனால் இந்த வகையின் எலும்புக்கூடு இதில் நன்றாக வெளியே தெரிகிறது. ராப் போமன் இயக்கியது. ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரில் பல பகுதிகளையும், அதன் முதல் திரைப்படத்தையும் இயக்கியவர் அவர். க்வினாக நடிப்பவர் கிறிஸ்டியன் பேல். பேட்மேன் ஆவதற்கு மூன்று வருடம் முந்தைய பேல். கூடவே தலையை மழித்துக்கொண்டு, முறைத்தபடியே வரும் மேத்யூ மெக்கானகே. முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், படத்தைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

அழிவும் அதற்கு அப்புறமும்

பேரழிவுப் படம் வேறு, பேரழிவுக்குப் பிந்தைய படம் வேறு. முதல் வகையில் பூகம்பம் வரும், சுனாமி வரும், விண்கல் விழும். நாயகன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுவான். ஆட்டம் அடங்கியதும் படம் முடியும். இரண்டாவது வகையில் படம் அங்கேதான் தொடங்கும். ஆட்டம் அடங்கிப் பல வருடம் ஆகியிருக்கும். செத்தவர்கள் செத்தாயிற்று. இருப்பவர்கள் காலையில் எழுந்ததும் தண்ணீர் எங்கே எடுப்பது, இன்று யார் காவல், மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

‘ரெயின் ஆஃப் ஃபயர்’ அழிவை எவ்வளவு அவசரமாகக் கடக்கிறது பாருங்கள். லண்டனில் சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டுகிறார்கள். அந்த வேலையின் பொறியாளர் க்வினின் அம்மா. பள்ளி விட்டு அம்மாவைப் பார்க்க வந்த சிறுவன், தொழிலாளர்கள் உடைத்த ஒரு பொந்துக்குள் எட்டிப் பார்க்கிறான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிராகன் விழித்துவிடுகிறது. அம்மா அவனைக் காப்பாற்றும் முயற்சியில் நசுங்கிச் சாகிறாள். அதன் பிறகு செய்தித்தாள் துண்டுகள், பத்திரிகை அட்டைகள், க்வினின் குரல். டிராகன்கள் பெருகின. ஊர்கள் எரிந்தன. 2010-இல் மனிதர்கள் அணுகுண்டு வரை போய்ப் பார்த்தார்கள், அதனால் அழிவு கூடியதுதான் மிச்சம். சில நிமிடங்களில் இத்தனையும் முடிந்துவிடுகிறது. அடுத்த காட்சி 2020.

இங்கே ஒரு வேடிக்கை. படத்தின் சுவரொட்டியில், எரிகிற லண்டனுக்கு மேலே ராணுவ ஹெலிகாப்டர்களும் டிராகன்களும் மோதிக்கொள்ளும். அந்தக் காட்சி படத்தில் கிடையாது. நம்பிப் போனவர்கள் கடுப்பானார்கள். இன்றைக்கும் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் யாராவது அந்தச் சுவரொட்டியை இழுப்பார்கள். விற்றது பேரழிவுப் படம், உள்ளே இருந்தது அதற்குப் பிந்தைய படம். சுமார் 6 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்க 8 கோடியைக் கொஞ்சம் தாண்டித்தான் வசூலித்தது. அதற்கு அந்தச் சுவரொட்டியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தக் கதை வகை சினிமாவை விட மிகவும் மூத்தது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது மேலே அனுப்பிய தூசும் கந்தகமும் உலகின் வானத்தில் பரவி வெயிலைக் குறைத்தன. 1816-இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கோடைக்காலம் என்ற ஒன்று ஒழுங்காக வரவே இல்லை. பயிர்கள் கெட்டன, பல இடங்களில் பஞ்சம். அந்த இருண்ட கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த ஆங்கிலக் கவிஞர் பைரன், சூரியன் அணைந்துபோன உலகத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதே கூட்டத்தில் இருந்த மேரி ஷெல்லி ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை அங்கேதான் தொடங்கினார். பத்து வருடம் கழித்து, 1826-இல், கொள்ளைநோயால் மனித குலம் அழிந்து ஒருவன் மட்டும் மிஞ்சும் ‘தி லாஸ்ட் மேன்’ நாவலை வெளியிட்டார். இந்த வகையின் பாட்டி என்று அந்த நாவலைச் சொல்லலாம்.

1945-க்குப் பிறகு இந்தக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 1983-இல் கார்ல் சேகன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் சிலர், அணு ஆயுதப் போர் நடந்தால் எரியும் நகரங்களின் கரிப்புகை வெயிலை மறைத்து உலகத்தையே குளிர வைத்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். குண்டில் தப்பியவன் பட்டினியில் சாவான். தம்போராவும் இதையே காட்டியது. ‘ரெயின் ஆஃப் ஃபயர்’ படம் முழுக்கச் சாம்பல் நிறமாக, வெயிலே இல்லாமல் இருக்கிறது. அந்த வானத்தின் கீழே தக்காளி பழுக்க வேண்டும். எடியின் அவசரம் இப்போது இன்னும் கொஞ்சம் புரியும்.

சட்டத்துக்குக் கட்டுப்பட்ட டிராகன்

சரி, இதில் டிராகனுக்கு என்ன வேலை? டிராகன் என்றால் மாயாஜாலக் கதை அல்லவா? குகை, தங்கக் குவியல், மந்திரவாதி எல்லாம் வேண்டாமா?

இந்தப் படத்தில் மந்திரம் ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. டிராகன் பேசாது, சபிக்காது, புதையல் காக்காது. அது ஒரு விலங்கு. அதற்குப் பசிக்கும், தூங்கும், முட்டையிடும், வயிறு காய்ந்தால் தன் இனத்தையே தின்னும். மனிதர்கள் அதை வணங்குவதில்லை, கவனிக்கிறார்கள். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை, எதை வைத்து நம்மைக் கண்டுபிடிக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். எதையும் செய்ய வல்ல பிசாசு துரத்தினால் கதையில் சாவதைத் தவிர வேறு வழி இல்லை. கோடு இல்லாத கபடி மாதிரி, யார் ஜெயித்தாலும் பார்ப்பவனுக்குச் சுவாரசியம் இருக்காது. எதிரிக்கு ஒரு எல்லை வேண்டும், அந்த எல்லையைக் கதைக்குள் இருப்பவர்கள் தங்கள் புத்தியால் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் பேரழிவுக்குப் பிந்தைய கதையில் வருகிற பூதங்கள் பெரும்பாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

இந்தப் படத்தின் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எனக்கு இதில் ஆர்வம் அதிகம், கொஞ்சம் நீளும்.

நெருப்பு. டிராகனின் வாய்க்குள் இரண்டு பக்கமும் சுரப்பிகள். அவை பீய்ச்சும் இரண்டு திரவங்கள் வெளியே கலந்து தீப்பற்றும். உற்றுப் பார்த்தால், நெருப்பு வருவதற்கு முன் இரண்டு தாரைகள் தனித்தனியாகக் கிளம்புவது தெரியும். விஷத்தைத் தூரத்திலிருந்தே துப்புகிற நாகங்கள் உண்டு, அவற்றின் சாயல் இதில் இருக்கிறது. இன்னும் நெருங்கிய சொந்தம் ஒரு வண்டு. குண்டுவீச்சு வண்டு என்று சொல்லலாம். அதன் வயிற்றில் ஹைட்ரோகுயினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரு அறையில் இருக்கும். ஆபத்து வந்தால் அந்தக் கலவை பக்கத்து அறைக்குப் போகும், அங்கே இருக்கும் நொதிகள் அதைக் கொதிக்க வைக்கும். கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டில் பின்பக்கமாகச் சீறிக்கொண்டு வெளியே வரும். தவளை அதை விழுங்கிவிட்டுத் துப்பிய கதை உண்டு. ஆக, உடலுக்குள் கலவையையும் நொதியையும் பிரித்து வைத்து, தேவையானபோது கலந்து எதிரியைச் சுடுவது இயற்கையில் ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடு. படம் அதைப் பல மடங்கு பெரிதாக்கி, முன்பக்கம் திருப்பி வைத்திருக்கிறது.

பறப்பது. இதில் படம் தோற்றுவிடுகிறது, எல்லா டிராகன் படமும் தோற்கும். ஒரு விலங்கின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். பெரிதாகப் பெரிதாகப் பறப்பது கஷ்டம். நமக்குத் தெரிந்து பூமியில் பறந்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று குவெட்சால்கோட்லஸ் என்கிற ஊர்வன இனம். டைனோசர் காலத்தின் கடைசியில் வாழ்ந்தது. இறக்கை விரிப்பு சுமார் 10 மீட்டர். படத்தில் வரும் டிராகன்களுக்கு முன்னால் அது குருவி. போகட்டும், டிராகன் பறக்காவிட்டால் டிக்கெட் எதற்கு?

கண். டிராகன்களுக்குப் பகலில் தெரியும், இரவில் தெரியும், இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தி வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. இதைக் கண்டுபிடித்தவன் மெக்கானகே நடிக்கும் வான் ஸான். அமெரிக்காவிலிருந்து டாங்கி, ஹெலிகாப்டர், ஆயுதம் தாங்கிய ஆட்கள் என்று கோட்டை வாசலில் வந்து நிற்கிறான். அவனுடைய ஆட்கள் ஹெலிகாப்டரிலிருந்து குதித்து, தாங்களே இரையாக டிராகனை இழுத்து, வானத்திலேயே வலை வீசுகிறார்கள். படத்தின் சிறந்த சாகசக் காட்சி அதுதான். அந்தச் சட்டம் கதைக்குச் செய்யும் உதவியைப் பாருங்கள். நாளுக்குச் சில நிமிடங்கள்தான் மனிதனுக்குச் சாதகம். எல்லாத் திட்டமும் கடிகாரத்தோடு கட்டப்பட்டுவிடுகிறது. படமும் பாதி நேரம் அந்தி வெளிச்சத்திலேயே அழகாக நகர்கிறது.

உணவு. சாம்பலே இவற்றின் இரை என்கிறது படம். இது சறுக்கல். ஒரு பொருளில் இருக்கும் சக்தி எல்லாம் எரிந்து வெளியேறிய பிறகு மிஞ்சுவதுதான் சாம்பல். கால்சியம், பொட்டாசியம் மாதிரி உப்புகள் இருக்கும், பயிருக்கு உரமாகும், ஆனால் இவ்வளவு பெரிய உடம்பைப் பறக்க வைக்காது. சாப்பாட்டை எரித்துவிட்டுப் பாத்திரத்தைச் சுரண்டுகிற கதை. இந்தச் சறுக்கலை வைத்துப் படத்தைக் கிண்டல் செய்பவர்கள் நிறைய. அது எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை, ஏனென்றால் அதிலிருந்து பிறக்கும் அடுத்த சட்டம் பிரமாதமானது.

தூக்கம். டிராகன்கள் உலகத்தை எரித்து முடித்ததும் அவற்றுக்கே இரை இல்லாமல் போகும். அப்போது பூமிக்கடியில் போய்த் தூங்கிவிடும். காடும் உயிர்களும் மறுபடி பெருகும்வரை, கோடிக்கணக்கான வருடம் ஆனாலும், தூங்கும். டைனோசர்களை அழித்ததும் இவைதான் என்கிறது படம். உண்மையில் 66 மில்லியன் வருடங்களுக்கு முன் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் விழுந்த விண்கல்லை விஞ்ஞானிகள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து மண் அடுக்கில் உலகின் பல இடங்களில் கரிப்புகைத் துகள்கள் கிடைத்திருக்கின்றன. இது தெரிந்தவர்களுக்குப் படத்தின் பொய் இன்னும் கச்சிதமாகப் பொருந்தும்.

டிராகனும் பசியில்தான் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? கடைசியில் லண்டனுக்குப் போகும்போது, இடிபாடுகளுக்குள் நூற்றுக்கணக்கான சின்ன டிராகன்கள் அடைந்து கிடக்கின்றன. பெரிய டிராகன் ஒன்று வந்து அவற்றில் ஒன்றைப் பிடித்துத் தின்கிறது. எரிக்க இனி எதுவும் பாக்கி இல்லை. கோட்டைக்குள் மனிதன் பட்டினி, லண்டனில் டிராகன் பட்டினி. வித்தியாசம் ஒன்றுதான். டிராகன் பசியைத் தூங்கிக் கழித்துவிடும். மனிதனால் முடியாது. அவனிடம் தூங்கக்கூடியது ஒன்றே ஒன்று இருக்கிறது, அது விதை.

விதைநெல்

விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்று நம் விவசாயக் குடும்பங்களில் சொல்லி வளர்ப்பார்கள். க்வின் செய்வதும் அதே காவல்தான்.

நிஜ உலகில் இது நடந்திருக்கிறது. 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை ரஷ்யாவின் லெனின்கிராடு நகரத்தைச் சுற்றி வளைத்தது. 1944 ஜனவரி வரை முற்றுகை நீடித்தது. லட்சக்கணக்கான மக்கள் பசியால் செத்தார்கள். அந்த நகரத்தின் நடுவே, தாவரவியலாளர் வவிலோவ் உலகம் முழுக்கச் சுற்றிச் சேகரித்த விதைகளின் கருவூலம் இருந்தது. நெல், கோதுமை, சோளம், பட்டாணி, உருளைக்கிழங்கு. அதைக் காத்துக்கொண்டிருந்த ஊழியர்கள் அந்தத் தானியத்தைத் தொடவில்லை. அரிசி மூட்டைகளுக்கு நடுவிலேயே சிலர் பட்டினியால் இறந்துபோனார்கள். வவிலோவ் அப்போது ஸ்டாலினின் சிறையில் இருந்தார். 1943-இல் அவரும் சிறையிலேயே, போதிய உணவில்லாமல், இறந்தார்.

இதைப் படித்தபின் க்வினைப் பார்த்தால் அவன் வெறும் கறார்ப் பேர்வழியாகத் தெரியமாட்டான். எடியும் கெட்டவனாகத் தெரியமாட்டான். லெனின்கிராடில் விதை காத்தவர்கள் தாங்களாக முடிவெடுத்தவர்கள். எடியின் பிள்ளைகளுக்காக முடிவெடுப்பது க்வின். அந்த வித்தியாசத்தைப் படம் இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கலாம். டிராகன் வந்து விவாதத்தை முடித்துவைத்துவிடுகிறது.

விதை எவ்வளவு காலம் தூங்கும் என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை உண்டு. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் அகழாய்வில் கிடைத்த, சுமார் 2000 வருடப் பழைய பேரீச்சை விதை ஒன்று 2005-இல் முளைத்தது. டிராகனின் தூக்கத்தை நம்ப மறுப்பவர்கள் இந்தப் பேரீச்சையை நினைத்துப் பார்க்கலாம்.

ஒரே ஒரு ஆண்

வான் ஸான் சொல்லும் திட்டம் எளிது. இதுவரை கொன்ற டிராகன்கள் எல்லாம் பெண். ஆண் ஒன்றே ஒன்று, அது லண்டனில் இருக்கிறது. அதைக் கொன்றால் இனப்பெருக்கம் நின்றுவிடும்.

இனப்பெருக்கத்தைக் குறிவைப்பது நல்ல யோசனை. கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் ஒரு வகை ஈயை அமெரிக்கர்கள் அப்படித்தான் ஒழித்தார்கள். ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிக் கூட்டம் கூட்டமாகப் பறக்க விட்டார்கள். பெண் ஈ வாழ்நாளில் பெரும்பாலும் ஒரு முறைதான் சேரும். மலட்டு ஆணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. 1954-இல் கரீபியன் கடலில் இருக்கும் குரசாவ் தீவில் அந்த ஈயை இப்படியே துடைத்தெடுத்தார்கள்.

ஆனால் உலகம் முழுக்கப் பறக்கும் ஓர் இனத்துக்கு ஒரே ஆண் என்பதை நம்புவது கஷ்டம். அதைவிடக் கஷ்டம், பெயரிலேயே டிராகனை வைத்திருக்கும் நிஜப் பிராணியால் வருகிறது. இங்கிலாந்தின் செஸ்டர் உயிரியல் பூங்காவில் ஒரு பெண் கொமோடோ டிராகன் (இந்தோனேசியாவின் ராட்சதப் பல்லி), ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுக் கரு உருவாகியிருந்தது 2006-இல் வெளியே வந்தது. அப்படிப் பிறக்கும் கொமோடோ குட்டிகள் எல்லாம் ஆண். படத்து டிராகன்கள் கொமோடோவுக்குச் சொந்தமாக இருந்தால், வான் ஸான் ஒரு ஆணைக் கொன்று முடிப்பதற்குள் பத்து ஆண்கள் பொரித்திருக்கும். படம் வந்து நான்கு வருடம் கழித்து வெளிவந்த செய்தி, எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது.

தலைவர்கள் இருவர்

இந்த வகைக் கதைகளில் தலைமைப் பிரச்சினை எப்போதும் வரும். போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, தேர்தல் இல்லை. யார் சொல்வதை யார் கேட்பது? க்வின் ஒளிந்து காத்திருக்கச் சொல்கிறான். டிராகன்களுக்கும் இரை தீரும், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்பது அவன் கணக்கு. வான் ஸான் போய் அடி என்கிறான். கோட்டையில் இருக்கும் நல்ல ஆட்களைக் கட்டாயமாகத் தன் படையில் சேர்க்கிறான். இருவரும் மண்ணில் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் வான் ஸானின் படை லண்டன் போகும் வழியிலேயே கிட்டத்தட்ட முழுவதுமாக எரிந்துபோகிறது. ஆண் டிராகன் கோட்டையையும் தேடி வந்து கொளுத்துகிறது. க்வினின் நண்பன் க்ரீடி உட்படப் பலர் சாகிறார்கள். க்வின் எச்சரித்தது அப்படியே நடக்கிறது. ஒளிந்திருந்தாலும் சாவு வந்திருக்கும் என்பதும் தெரிகிறது. இருவரில் ஒருவனைச் சரி என்று படம் தீர்ப்புச் சொல்லாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரிட்டனின் ஞாபகம் ஒன்று இந்தக் கதைக்குள் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றும். 1940 செப்டம்பர் தொடங்கி அடுத்த மே வரை ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீதும் மற்ற நகரங்கள் மீதும் குண்டு போட்டன. மக்கள் இரவுகளைச் சுரங்க ரயில் நிலையங்களின் நடைமேடையில் படுத்துக் கழித்தார்கள். உணவுக்கு 1940-இல் வந்த ரேஷன், போர் முடிந்தும் 1954 வரை நீடித்தது. பூங்காவிலும் புல்வெளியிலும் காய்கறி போடச் சொன்னது அரசு. 1942-இலிருந்து அமெரிக்கப் படையினர் லட்சக்கணக்கில் வந்து இறங்கினார்கள். அவர்கள் மீது பிரிட்டிஷ்காரர்களுக்கு நன்றியும் எரிச்சலும் சேர்ந்தே இருந்தன. இப்போது படத்தைப் பாருங்கள். வானத்திலிருந்து நெருப்பு, தீயணைப்பு வண்டிகள், அளந்து கொடுக்கும் சாப்பாடு, காய்கறிப் பாத்தி, வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடம், அப்புறம் சத்தமாக வந்து இறங்கும் அமெரிக்கர்கள். இயக்குநர் அமெரிக்கர், படப்பிடிப்பு நடந்தது அயர்லாந்தின் விக்லோ மலைகளில். இருந்தும் கதை பிரிட்டனின் பழைய காயத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த மக்களைக் காத்த அதே சுரங்க ரயிலுக்காகத் தோண்டும்போதுதான் டிராகன் வெளியே வருகிறது என்பது குரூரமான குறும்பு.

பிள்ளைகளுக்குக் கதை

படத்தில் பலருக்கும் நினைவில் நிற்கும் காட்சியில் டிராகனே இல்லை. இரவு, மெழுகுவத்தி வெளிச்சம். கோட்டையின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். க்வினும் க்ரீடியும் மரக்கட்டை வாளோடு ஒரு நாடகம் போடுகிறார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ இரண்டாம் படத்தில் வில்லன் தான்தான் உன் அப்பா என்று சொல்லும் அந்த இடம். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். சினிமா என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகளுக்கு அது புதுப் புராணம்.

சிரிப்பதற்காக வைத்த காட்சிதான். ஆனால் இந்தக் கதை வகையின் இன்னொரு பாதி அதில் இருக்கிறது. மின்சாரம் போய்விட்டது, திரையரங்கு போய்விட்டது, புத்தகங்கள் எரிந்துவிட்டன. மனிதர் தலைக்குள் இருப்பது மட்டும் மிச்சம். யாராவது வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அதுவும் ஒரு தலைமுறையில் போய்விடும். நம் ஊரில் தெருக்கூத்தும் கதாகாலட்சேபமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, எழுத்தே தெரியாமல் மகாபாரதம் முழுக்கத் தெரிந்த பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு, இது உடனே பிடிபடும். இந்த வகையில் வேறு படம் பார்க்கும்போதும் இதைத் தேடிப் பாருங்கள். பிழைத்தவர்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? சுடக் கற்றுக்கொடுக்கிறார்களா, படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்களா, பொய்யான சரித்திரத்தைச் சொல்கிறார்களா? அதை வைத்தே அந்தக் கதை மனிதர்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

முடிவு

கடைசி முப்பது நிமிடம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று பேர் லண்டன் போகிறார்கள். வான் ஸான் கையில் கோடரியோடு டிராகனை நோக்கிப் பாய்ந்து, அதன் வாய்க்குள்ளேயே போகிறான். பார்க்கக் கம்பீரமாகவும் யோசித்தால் கேனத்தனமாகவும் இருக்கும் சாவு. க்வின் வெடிமருந்து கட்டிய அம்பை டிராகனின் வாய்க்குள் எய்து அதைக் கொல்கிறான்.

பிறகு படம் சில மாதங்கள் தாண்டுகிறது. மூன்று மாதத்துக்கும் மேலாக ஒரு டிராகனும் கண்ணில் படவில்லை. ஆண் செத்தால் இனிமேல் முட்டை வராது, சரி. ஏற்கெனவே இருந்த அந்த நூற்றுக்கணக்கான பெண் டிராகன்கள் எங்கே போயின? பட்டினியில் செத்தனவா, அடுத்த 66 மில்லியன் வருடத்துக்குத் தூங்கப் போய்விட்டனவா? படம் கவலைப்படவில்லை. தூங்கப் போயிருந்தால் க்வினின் பழைய கணக்கும் சரிதான் என்று ஆகிவிடும், அதைச் சொன்னால் வான் ஸானின் தியாகம் வீணாகும். அதனால்தான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

க்வினும், ஹெலிகாப்டர் ஓட்டிய அலெக்ஸும் கடலைப் பார்த்த ஒரு குன்றில் வானொலிக் கோபுரம் நிறுத்துகிறார்கள். பிரான்ஸில் பிழைத்திருக்கும் ஒரு கூட்டத்தோடு தொடர்பு கிடைத்துவிட்டது, உங்கள் தலைவரோடு பேச வேண்டும் என்கிறார்கள் என்று வந்து சொல்கிறான் ஜேரட், க்வின் எடுத்து வளர்த்த பையன். நீயே பேசு, நீதான் தலைவன் என்று அவனையே அனுப்பிவிடுகிறான் க்வின்.

படம் பார்க்க உட்காருபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. முக்கால்வாசிக் காட்சிகள் இருட்டிலும் அந்தியிலும் நடப்பவை. மத்தியானம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பார்த்தால் டிராகன் எது, புகை எது என்று தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, இருப்பதில் பெரிய திரையாகப் பார்த்துப் போடுங்கள்.